நான் கழற்றாத பல்பு

பராவோனா,
டிசம்பர் 4

அன்பு மகள் யானிரிஸுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். அவளுக்கு முழங்கால், எனக்கு மனசு, இந்த இரண்டையும் தள்ளிவைத்தால் சுகம்தான். நீயும் அந்த மாட்ரிட் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நீ முந்திக்கொள்வாய். காகிதத்தில் நான் முடிக்கும்வரை நீ காத்திருந்துதான் ஆகவேண்டும். பக்கத்து வீட்டு நூரிஸ் ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊருக்கு விமானம் ஏறுகிறாள். அவளிடம் நம் மலைக் காப்பித்தூள் இரண்டு பவுண்டும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன். காப்பியை அங்கே யாருக்கும் பங்கு வைக்காதே, நீ குடி.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் அந்தப் பல்பைக் கழற்றவில்லை. பத்து நாளாக இந்த ஒரு வாக்கியத்தை மென்றுகொண்டிருக்கிறேன். "அப்பா, கோவத்துல நீங்கதானே கழட்டிட்டீங்க, என் போன்ல பல்பையே காணோம்" என்றாய். உன் அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொன்னாய். அதைவிட, எப்போதும் போனை எடுத்தவுடன் "ஆசி குடுங்கப்பா" என்று கேட்டுவிட்டுத்தானே பேச்சை ஆரம்பிப்பாய், அன்றைக்கு அதுவும் இல்லை. பேசத் தெரிந்த நாளிலிருந்து நீ ஆசி கேட்காமல் என்னிடம் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. அதனால்தான் போனை வைத்தேன். தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை.

கோபம் எனக்கு இருந்தது, மறைக்க மாட்டேன். அம்மாவுக்குக் காது மங்கி இரண்டு வருடமாகிறது. அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு வாழைக்காய் வேகவைப்பாள், மேஜை மேல் போன் கத்திக் கத்தி ஓயும், அவளுக்குத் தெரியாது. நீ கூப்பிட்டும் எடுக்கவில்லை என்று அங்கே அழுவாய், நீ கூப்பிடவே இல்லை என்று இவள் இங்கே அழுவாள். காதுக்கருவி வாங்கிக்கொடுத்தால் "உள்ள ஒரு வண்டு குடித்தனம் பண்ணுது" என்று கழற்றி டப்பாவில் போட்டுவிட்டாள். படத்தோடு பேசினால் உன் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்கிறாள், ஆனால் போன் அடிப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அடுப்படியில் நிறம் மாறும் பல்பு ஒன்றை மாட்டி, அங்கிருந்து நீ ஊதாவை அழுத்தினால் அவள் போனை எடுக்கலாம் என்று நீ யோசித்தது நல்ல யோசனைதான். ஆனால் அதை யாரிடம் சொன்னாய்? வில்கினிடம். என் அண்ணன் மகன்தான், நல்ல பையன்தான், ஆனால் அவனுக்கு மோட்டார் சைக்கிள் முகப்பு விளக்கு எரியவில்லை என்றால் என்னிடம்தான் வருவான். இந்தத் தெருவில் பாதி வீட்டுக்கு ஒயர் இழுத்தவன் நான். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அல்ல, ஷாக் அடித்துக் கற்றேன். என் வீட்டுப் பல்புக்கு வில்கினிடம் கேட்கிறாய். அங்கிருந்து ஒன்று அனுப்புகிறேன் என்று வேறு சொன்னாய். ஸ்பெயினில் வாங்கிய பல்பு அங்கத்திய மின்சாரத்துக்குச் செய்தது, நம்முடையது நூற்றுப்பத்து வோல்ட், இங்கே அது மின்மினிப்பூச்சி அளவுக்குக்கூட எரியாது. அதை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அதனால் நானே போனேன். பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் கடையில் மூன்று பெட்டியை வரிசையாக வைத்து, மூக்குக்கண்ணாடி போட்டு, ஒரு மணி நேரம் நின்று படித்தேன். கடைக்காரப் பெண், "தாத்தா, பல்பு வாங்க வந்தீங்களா, பரீட்சை எழுத வந்தீங்களா?" என்று கேட்டாள். சிரிக்கட்டும். திருகு நம் ஹோல்டருக்குச் சரியா, தனியாக ஒரு பெட்டி வாங்கி மாட்டச் சொல்கிறானா, நிறம் மட்டும்தானா அல்லது சமைக்கிற அளவுக்கு வெள்ளை வெளிச்சமும் தருமா, எல்லாம் பார்த்தேன். ஒன்று ஆயிரத்து ஐந்நூறு பேசோ, ஒன்று எழுநூறு, ஒன்று நானூற்றைம்பது. மூன்றும் அதே ஊதாவைத்தான் தரும். ஊதா என்ன, விலையைப் பார்த்தா நிறம் கூடும்? நானூற்றைம்பதை வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஒரு மாலை முழுக்க அது இன்டர்நெட்டில் சேரவே மாட்டேன் என்றது. நம் இன்டர்நெட் பெட்டி இரண்டு விதமாக அலை விடுகிறது, பல்புக்கு அதில் பழைய, மெதுவான அலைதான் புரியும் என்பதை நானே கண்டுபிடித்து, புதியதை அணைத்து, பல்பை என் போனில் சேர்த்து, பிறகு உன் போனிலிருந்தும் அதை இயக்க உனக்கும் சாவி அனுப்பினேன். நீ முதல் தடவை ஊதாவை அழுத்தியபோது உன் அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, "ஏங்க, பொண்ணு வந்துட்டா" என்று ஓடினாள். பல்பைப் பார்த்து அல்ல, வாசலைப் பார்த்து ஓடினாள். அது உனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

இரண்டு வாரம் நன்றாகத்தான் எரிந்தது. இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். நான் சிலோவின் மூலைக்கடையில் டோமினோ ஆடிக்கொண்டிருந்தேன், கையில் இரட்டை ஆறு காய். காலையில் போன கரண்ட் நாலு மணிக்கு வந்தது. தெருவே "வந்துடுச்சு!" என்று கத்தியது. உடனே போனது. மறுபடி வந்தது, மறுபடி கத்தினார்கள், மறுபடி போனது. ஐந்து தடவை. ஐந்தாவது தடவை கத்த யாருக்கும் தெம்பில்லை, அப்போதுதான் நிலைத்து நின்றது. நான் அடுத்த காயை வைப்பதற்குள் உன் அம்மா வந்தாள். தலையில் முடி சுருட்டும் ரோலர் அத்தனையும் அப்படியே இருக்கிறது, காலில் பூசைக்குப் போகும் செருப்பு, கையில் கைப்பை. "எந்திரிங்க. பொண்ணுக்கு என்னமோ ஆயிடுச்சு. லைட்டு மினுக்குது" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த மோன்சிட்டோ, "என்ன மேஸ்திரி, ஊருக்கெல்லாம் லைட்டு போடுற, உன் வீட்டு லைட்டு உன் பொண்டாட்டியப் பாத்துக் கண்ணடிக்குதா?" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் காதில் எதுவும் விழவில்லை, என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். வழியில்தான் சொன்னாள், ஊதா என்றால் போனை எடுக்க வேண்டும், மினுக்கினால் உனக்கு ஆபத்து என்று நீங்கள் இருவரும் ரகசியமாகப் பேசிவைத்திருந்தீர்களாம். என்னிடம் சொன்னால் நான் கிண்டல் செய்வேன் என்று மறைத்தீர்களாம். செய்திருப்பேன். ஆனாலும் சொல்லியிருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போனால் பல்பு பைத்தியம் பிடித்த மாதிரி மினுக்கிக்கொண்டிருந்தது. பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பல்பைப் புதிதாகச் சேர்க்க வேண்டுமென்றால் சுவிட்சை ஐந்து தடவை போட்டு அணைக்க வேண்டும், அப்போது அது பழைய உறவை எல்லாம் மறந்துவிட்டு, என்னைச் சேர்த்துக்கொள் என்று மினுக்கும். பெட்டியில் போட்டிருந்தது, படித்தேன். ஐந்து தடவை என்றால் மனிதன் கையால் ஐந்து தடவை என்று நினைத்தேன். பல்பைச் செய்தவன் கரண்ட் போகாத ஊரில் உட்கார்ந்து செய்திருக்கிறான், நம் தெருவும் அதே கணக்கில் போட்டு அணைக்கும் என்று அவனுக்கு எப்படித் தெரியும். உன் அம்மாவிடம் விரலை மடக்கி மடக்கி விளக்கிக்கொண்டிருந்தேன், அதற்குள், சேர்ப்பார் யாரும் இல்லாமல், பல்பு மினுக்குவதை நிறுத்தி வெள்ளையாக நின்றுவிட்டது. அவள் நெஞ்சில் கை வைத்து, "நின்னுபோச்சே" என்றாள். அந்த ஒரு வார்த்தையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். இன்டர்நெட் பெட்டி உயிர் பெறவில்லை, சிலோவின் போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. நீ வேலை பார்க்கும் வீட்டு வயதான அம்மாளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாய் என்று பிறகு உன் அம்மாவிடம் சொன்னாய், உன் மேல் தப்பில்லை. இரண்டு மணி நேரம் அவள் ரோலரோடு, செருப்போடு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பல்புக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். என் கையில் இரட்டை ஆறு அப்படியே இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் நீ கூப்பிட்டாய், ஆசி கேட்காமல், கழட்டிட்டீங்க என்று.

ஆயிரத்து ஐந்நூறு பேசோ பல்பின் பெட்டியில் என்ன எழுதியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், யாராவது சொல்லி நீ கேட்பதைவிட நானே சொல்கிறேன். கரண்ட் போய் வந்தாலும் கடைசி நிறத்தையும் வீட்டையும் மறக்காது என்று எழுதியிருந்தது. படித்தேன். நிறத்துக்கு எதற்கு ஞாபகம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் சொல்வேன், இதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதே. வேறு பல்பு வாங்கப்போவதில்லை, நீயும் அனுப்பாதே. பல்பு மோசமில்லை, அது நிற்கும் இடம்தான் ஆடுகிறது. அதனால் இடத்தை மாற்றிவிட்டேன். பல்பையும் இன்டர்நெட் பெட்டியையும் இன்வெர்ட்டரில் இணைத்துவிட்டேன், இனி தெரு நூறு தடவை அணைந்தாலும் அதற்குத் தெரியாது. பழைய பாட்டரி, எல்லாவற்றையும் தாங்காது, எனவே டிவியை அதிலிருந்து பிடுங்கிவிட்டேன். உன் அம்மா உனக்கு எழுதச் சொல்வாள், இவர் பேஸ்பால் ஆட்டம் பார்ப்பதை விட்டுவிட்டார் என்று. பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. இந்த வருடம் நம் அணி மட்டையைப் பிடிக்கிற லட்சணத்துக்கு ரேடியோவே அதிகம்.

உனக்குப் புதிதாகச் சாவி அனுப்பியிருக்கிறேன், போனில் பார். மினுக்கும் ஏற்பாட்டை ரத்து செய்கிறேன், இது என் வீட்டுச் சட்டம். ஆபத்து என்றால் சிலோவுக்குப் போன் செய், அவன் ஓடிவருவான், அவனுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். ஊதா அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, உன்னிடம் சொல்ல வெட்கப்படுகிறாள், தவக்காலத்தில் கோவிலில் போர்த்தும் துணி மாதிரி இருக்கிறதாம். மாம்பழ மஞ்சள் போடு. இங்கே ஆறு மணி, அங்கே பதினொன்று, நீ படுக்கப் போவதற்கு முன்னால். ஆறு ஐந்து அல்ல, ஆறு. அவள் ஐந்தரைக்கே நாற்காலி போட்டுவிடுகிறாள். அப்புறம், ஈரம் புகாத செருப்பு வாங்கிக்கொள். ஞாயிற்றுக்கிழமை உன் விடுமுறை, நீ வேலை பார்க்கும் அந்த வீட்டு மகன் கூப்பிட்டாலும் போகாதே. வில்கினிடம் என் வீட்டு விஷயம் எதுவும் கேட்காதே.

ஆறு மணிக்கு நானும் அடுப்படியில்தான் இருப்பேன், இணைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க. வேறு காரணம் இல்லை. பச்சை நிறம் சும்மாதான் கிடக்கிறது, அதற்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. மஞ்சளுக்கு முன்னால் நீ ஒரு நொடி பச்சையை அழுத்தினால், ஆசி கேட்டாய் என்று எடுத்துக்கொள்வேன். பல்பைப் பார்த்து வாய்விட்டே சொல்லிவிடுவேன். அம்மாவுக்குக் கேட்காது, உனக்கும் கேட்காது, பரவாயில்லை, சொன்னது சொன்னதுதான். பத்து நாள் பாக்கி இருக்கிறது. அதை மட்டும் நீ கேட்காமலே இதோடு அனுப்புகிறேன்: கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், மகளே.

பல்பைக் கழற்றாத உன் அப்பா,
லியோவிஹில்தோ