சுனையில் மிதந்த கெண்டைப்பொடிகள்

அன்புள்ள அக்கா,

உன் மகள் வள்ளிக்கு வந்திருப்பது வாந்திபேதிதான். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் இன்று மதியம் டாக்டரே என்னிடம் சொன்னார். உன்னைக் கொண்டுபோன அதே நோய். எத்தனையோ ஊர்களிலிருந்து அதைப் பற்றிச் செய்தி அனுப்பியவன் நான். இன்று அது நம் வீட்டுக்கே வந்துவிட்டது.

குன்றாண்டார்கோவில் பக்கத்தில், உங்கள் ஊர்க் குன்றின் மேலிருக்கும் சுனை நினைவிருக்கிறதா? குடத்தை முக்குமுன் ஒரு சிட்டிகை நொய் தூவுவாய். விரல் நீளம்கூட இல்லாத கெண்டைப்பொடி மீன்கள் வந்து மொய்த்தால் தண்ணீர் நல்லது. பெண்கள் இன்றும் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

பக்கத்து ஊரில் நோய் கண்டதால், போன வாரம் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து சுனையில் பிளீச்சிங் பவுடர் கலக்கினார். மறுநாள் காலையில் மீன்களெல்லாம் செத்து மிதந்தன. செய்தி எழுதப் போன நானும் பார்த்தேன்.

"கிருமியக் கொல்ற மருந்தும்மா. மனுசருக்கு ஒண்ணும் செய்யாது" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கிருமி செத்தத யாரு கண்டா? மீனு செத்தது நல்லாத் தெரியுதுங்களே!" என்றாள் வள்ளி. எல்லாரும் சிரித்தார்கள்.

நான் ஒரு கை அள்ளிக் குடித்துக் காட்டினேன்.

"நாளைக்கு உசுரோட இருந்தீங்கன்னா சொல்லியனுப்புங்க மாமா, நானும் குடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, குடத்தோடு கீழே கண்மாய்க்கு இறங்கினாள். மற்றவர்களும் அவள் பின்னால் போனார்கள். அங்கே மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அக்கா. அவள்தான் விழுந்தாள். கண்கள் குழிந்து, விரல்கள் சுருங்கி, உன் கடைசி நாளின் முகம் அவளுக்கு வந்துவிட்டது. பார்க்கப் பயமாக இருக்கிறது.

கண்மாய்த் தண்ணீர்தான் காரணம் என்பது இன்னும் உறுதியாகவில்லை. பாட்டிலில் எடுத்துச் சோதனைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். முடிவு எப்போது வருமென்று யாருக்கும் தெரியவில்லை. அதுவரை எத்தனை குடங்கள் அங்கே நிறையும்? அதனால்தான் உனக்கு எழுதும் இதைப் பத்திரிகைக்கும் கொடுக்கிறேன். படிப்பவர்கள் காய்ச்சியாவது குடிக்கட்டும்.

வள்ளிக்கு நரம்பில் உப்புநீர் ஏற்றுகிறார்கள். சிறுநீர் பிரிந்தால் பிழைத்துவிடுவாள் என்கிறார் டாக்டர். இதை எழுதும்வரை பிரியவில்லை. நாளைக் காலைக்குள் தெரிந்துவிடுமாம்.

உனக்கு மகளைப் பார்க்க ஆசையிருக்கும். ஆனால் நீ கூப்பிட்டாலும் அனுப்பமாட்டேன், அக்கா. விடியும்வரை அவள் கையை விடமாட்டேன்.

உன் தம்பி,
வள்ளியின் தாய்மாமன்