பூட்டியாச்சு

12 பெப்ரவரி 2004, வியாழன். மிட்சம், லண்டன்.

உரிமப் பரீட்சைக்காகப் பால்டிக் கடலோரத்தில் நடந்த பழைய விமான விபத்துகளின் அறிக்கைகளை வாசித்துக்கொண்டிருந்தேன். இறக்கையில் உறைபனி, ஓடுபாதையில் மூடுபனி. எதுவும் புதிதில்லை. ஒன்றில் மட்டும், வேலையை மற்றவன் முடித்திருப்பான் என்று இரண்டு மெக்கானிக்குகள் நினைத்ததே காரணம் என்று இருந்தது. அறிக்கையை மூடி வைத்தேன்.

இன்று பின்னேரம் வேலையில் ஒரு விமானத்தின் எஞ்சின் மூடியைத் திரும்ப மாட்டினேன். ஷிப்ட் மாறும்போது மதுரைக்காரன் சேகர் வந்தான்.

"பூட்டிட்டியாடா?"

"ஓம், பூட்டிட்டன்."

"அப்ப நான் கையெழுத்துப் போட்டுர்றேன். நீ ஓடு, உனக்கு எப்பவும் அவசரம்தான்."

யாழ்ப்பாணத்தில் பூட்டுவது என்றால் பொருத்துவது. அவனுக்கு அது கொக்கி போட்டு இறுக்குவது. நான் மூடியைப் பொருத்தியதோடு சரி. அடியில் இருக்கும் கொக்கிகளை அவன் இறுக்குவான் என்று விட்டு வந்தேன். குனிந்து பார்த்தால்தான் அவை தெரியும்.

அந்த விமானம் விடிய ஆறு மணிக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ரீகாவுக்குப் போகிறது.

வேலை நேரத்தில் சேகரின் போன் லாக்கரில் கிடக்கும். மேலாளரிடம் சொன்னால் இரண்டு பேருக்கும் வேலை போகலாம். அரை மணி நேரம் அதையே யோசித்தேன். வெட்கக்கேடு.

பிறகு மேலாளருக்குப் போன் அடித்துச் சொல்லிவிட்டேன். அவர் ஏசவில்லை. தானே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பப் போன் எடுப்பதாகச் சொன்னார்.

இருபது நிமிஷம் ஆகிறது. கொக்கிகள் இறுகியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் எடுத்திருப்பார்.