ஜசீராவின் கட்டில்

அன்பு மகள் ஜசீராவுக்கு அப்பா எழுதுவது. கடவுள் கருணையாலும் என் பிடிவாதத்தாலும் இங்கே எழுந்து நடமாடுகிறேன், சாவோ பாவுலோவில் நீயும் மாப்பிள்ளை அடெல்மோவும் உன் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். யோவான் திருவிழாவுக்கு வருகிறேன் என்று நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். நான்கு வருடமாக இதைத்தான் கேட்டு உன்னோடு சண்டை போட்டேன், ஆனாலும் வராதே. அந்த விடுமுறையில் அங்கே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதனைக்கு இரத்தம் கொடு. காரணத்தை எழுதுகிறேன்.

மண்சுவரில் ஒளிந்து இரவில் இரத்தம் குடிக்கும் பூச்சிக்கு மருந்தடிக்க தேசிய சுகாதாரத் துறை ஆட்கள் வருடாவருடம் வருவது உனக்குத் தெரியும், சாமான்களை எல்லாம் முற்றத்தில் வைத்தால்தான் அடிப்பார்கள். உன் அறையை மட்டும் நான் திறக்க விடவில்லை. தலையணையில் உன் தலை அழுந்திய குழி அப்படியே இருந்தது, அதைக் கலைக்க மனமில்லை. அவர்களில் வால்டெமிர் என்பவன், "என்ன பெரியவரே, மாதா படமே வெளிய வந்து வெயில் காயுது, உங்க மக கட்டிலுக்கு மட்டும் தனிச் சட்டமா?" என்று கிண்டல் செய்தான். "ரோடு போட வராத அரசாங்கத்துக்கு என் மக கட்டில்ல என்னடா வேல?" என்று விரட்டினேன். கதவுக்குப் பின்னால் தொங்கும் அட்டையில், ஓர் அறை விடுபட்டது என்று எழுதிக் கையெழுத்திட்டுப் போனான். மூன்று வருடம் அதையே எழுதினான்.

போன மாதம் உன் விரிப்பை உலர்த்த எடுத்தேன், வைக்கோல் மெத்தையின் தையலுக்குள் குஞ்சும் குளுவானுமாகப் பூச்சிகள். எல்லோரும் செய்வதுபோல் ஒன்றைத் தீப்பெட்டியில் அடைத்துப் சுகாதாரத் துறைக்கு அனுப்பச் சொல்லிப் பள்ளிக்கூடத்து டீச்சரிடம் ஒப்படைத்தேன். வால்டெமிர் வந்தான், இம்முறை கிண்டல் இல்லை. பூச்சியில், இதயத்தை மெல்லக் கெடுக்கும் சாகஸ் நோய்க் கிருமி இருந்ததாம், சோதித்ததில் என் இரத்தத்திலும் இருக்கிறது. உன் அம்மா இதயம் வீங்கிப் போய்ச் சேர்ந்ததும் இதனால் இருக்கலாம் என்றான். "பொண்ணு எத்தன வருஷம் இதுல படுத்துச்சு?" என்று கேட்டான். பத்தொன்பது என்றேன். தாயிடமிருந்து பிள்ளைக்கும் போகுமாம், ஆனால் பிறந்தவுடன் கண்டுபிடித்தால் மருந்தில் அநேகமாகக் குணமாகிவிடுமாம். அவர்கள் தந்த தாளை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன், அவன் பொய் சொல்லவில்லை. தவறு என்னுடையது என்று அவனிடம் சொல்லமாட்டேன், உன்னிடம் சொல்கிறேன்.

மெத்தையை எரித்தேன், அறைக்கு மருந்தடித்தாயிற்று. இப்போது அங்கே உன்னுடையது என்று எதுவும் இல்லை, வாசனைகூட மருந்துடையதுதான். அந்தப் பக்கம் போகப் பிடிக்கவில்லை. கடவுள் உன்னையும் பிள்ளையையும் காக்கட்டும். நீ மண்வீட்டில் வளர்ந்தவள் என்று டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல். முடிவு எதுவானாலும் அன்றே எழுது, எனக்கு வலிக்கும் என்று மறைக்காதே.

உன்னைப் பார்க்க ஏங்கும் அப்பா,
ஒனோஃப்ரே