துறைமாளிகையின் கூரை

நீர் நிறைக. நிலம் விளைக. தென்கழி நாட்டில் பசியோடு உறங்கச் செல்வார் எவரும் இலராகுக.

செவ்வாற்றின் இருகரையும் காப்பவரும், உப்புத்துறை மூன்றுக்கும் உரியவரும், நாரைக்கொடி உயர்த்தியவருமான நாடாளும் நறுங்கோதை நாச்சியார், தம் ஆட்சியின் பதினோராம் ஆண்டு புரட்டாசித் திங்கள் இருபத்திரண்டாம் நாள், ஓடத்துறையில் உள்ள பழைய மாளிகையிலிருந்து, தலைநகரில் அமர்ந்து நம் கருவூலத்தைக் கண்ணிமைக்காமல் காத்துவரும் முதலமைச்சர் பொறையூர் கிழார் காரிநாதனார்க்கு விடுத்த திருமுகம். உமக்கும் உம் இல்லத்தார்க்கும் நலம் உண்டாகுக. உமது இடது முழங்கால் வலி தணிந்திருக்கும் என நம்புகின்றோம். அதை வினவுவதற்குக் காரணம் உண்டு. ஓலையின் முடிவில் அறிவீர்.

உம் ஓலை மூன்று நாளைக்கு முன் வந்தது. இம்மாளிகையைச் செப்பனிட முந்நூறு பொன் என்று மதிப்பிட்டது தொள்ளாயிரமாக ஏறிவிட்டதென்றும், ஏழு வாயில் கொண்ட புதிய அரண்மனையாகிய கற்கோட்டம் கூட்டிப் பெருக்கி எமக்காகக் காத்திருக்கிறதென்றும், ஐப்பசி பிறக்குமுன் கூரை மூடப்படாவிடில் பழைய மாளிகையை இடித்துவிட வேண்டும் என்ற அவைத் தீர்ப்பில் எம் முத்திரையே இருக்கிறதென்றும் நினைவூட்டியிருந்தீர். அனைத்தும் உண்மை. முத்திரை இட்ட அன்று எமக்கு நல்ல தலைவலி.

ஆயினும் இவ்வீட்டை விட்டுப்போக எமக்கு மனமில்லை. இதன் பின்கதவு ஓடத்துறையை நோக்கித் திறக்கிறது. குறை உள்ளவர் மீன்கூடையைக் கீழே வைத்துவிட்டு நேரே எம்மிடம் வந்து சண்டை பிடிக்கின்றனர். கற்கோட்டத்திலோ, ஏழாம் வாயிலைக் கடப்பதற்குள் முறையீடு புகழுரையாக மாறிவிடுகிறது. யாம் அங்கே ஒரு திங்கள் இருந்து கண்டறிந்த உண்மை இது.

செலவு ஏறிய கதையையும் கேளும். ஓர் ஓடு ஒழுகுகிறதென்று தொடங்கினோம். ஓட்டை எடுத்தால் அடியில் கைமரத்தைக் கறையான் தின்றிருந்தது. கைமரத்தை எடுத்தால் உத்திரம் தொய்ந்திருந்தது. உத்திரத்தைத் தொட்டதும் மேலைச்சுவர் எம் கண்முன்னே பிளந்தது. தச்சர் தலைவன் சாத்தன் தலையைச் சொறிந்தபடி வரும்போதெல்லாம் யாம் பொற்கிழியைத் தேடுவோம். பல்லி ஒலித்தாலும் உத்திரம் முறிந்ததோ என்று திடுக்கிட்டோம். படை திரண்டு வந்த ஆண்டில்கூட யாம் இவ்வளவு நகம் கடித்ததில்லை.

இதனினும் பெரிய துயரம் பணியாளரால் வந்தது. ஓடக்காரர் விடுதியில் தங்கி, நாளுக்கு மூன்று முறை வேலையைப் பார்க்கச் சென்றோம். சென்றபோதெல்லாம் அனைவரும் முற்றத்தில் கைகட்டி நின்றனர். கூரைமேல் ஒரு காக்கைதான் இருந்தது. சோம்பேறிகள் என்று கடிந்தோம். ஆள் போதவில்லை போலும் என்று மேலும் நாற்பது பேரை அமர்த்தினோம். அவர்களும் கைகட்டி நின்றனர். ஐந்து முறை செல்லலானோம். வேலை இன்னும் சுருங்கிற்று, கூலி மட்டும் வளர்ந்தது.

ஒருநாள் சுண்ணம் இடிக்கும் வேம்பி என்பாள், உலக்கையை நிறுத்தாமலே எமக்கு விண்ணப்பித்தாள். நாடாள்வோர் ஒரு மனையில் இருக்கையில் அவர் தலைக்கு மேல் எவரும் நிற்றலாகாது என்பது மரபாதலின், நாச்சியார் வரும்போதெல்லாம் யாவரும் இறங்குவதாகவும், போனபின் ஏணியேறி நான்கு ஓடு பதிப்பதற்குள் வருகைச் சங்கு மறுபடி ஒலிப்பதாகவும், இதைச் சொல்ல ஆண்மக்கள் எவர்க்கும் வாய் வரவில்லை என்றும், நாச்சியார் இவ்வீட்டின்மேல் கொண்ட அன்பைச் சற்றுத் தொலைவிலிருந்து செலுத்தினால் கூரை விரைவில் முடியும் என்றும் கூறினாள். சாத்தன் நாக்கைக் கடித்துக்கொண்டான். எமக்கு முதலில் சினம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, வெட்கமும் வந்தது. உம்மிடம் மறைப்பானேன்!

தொலைவிலிருந்து அன்பு செலுத்த அரை நாள் முயன்றோம். முடியவில்லை. மரபை மாற்றவோ அவையைக் கூட்ட வேண்டும். நீங்கள் கூடிப் பேசி முடிப்பதற்குள் தை பிறந்துவிடும். எனவே சேலையை வரிந்து கட்டி, ஏணியில் ஏறி, கூரையின் முகட்டில் போய் அமர்ந்தோம். இப்போது எவர் தலையும் எம் தலைக்கு மேல் இல்லை, மரபுக்கும் குறைவில்லை. ஆறு நாளாக இங்குதான் எம் அரசவை. நாற்பது நாளில் ஆகாத வேலை இந்த ஆறு நாளில் ஆகியிருக்கிறது. காற்று நன்றாக வீசுகிறது. ஆற்றின் வளைவு வரை தெரிகிறது. பதினோராண்டில் இத்தனை மகிழ்ச்சியாக யாம் இருந்ததாக நினைவில்லை. இவ்வோலையையும் இங்கிருந்தே சொல்ல, ஓலைநாயகம் நக்கனார் ஏணியின் மேற்படியில் கண்ணை மூடிமூடித் திறந்து எழுதுகின்றார். எழுத்துக் கோணியிருப்பின் பொறுத்தருள்க.

ஆகவே யாம் இடும் ஆணை இது. மிகையாக அமர்த்திய ஆட்களின் கூலி எம் பிழையால் வந்ததாதலின், அதை எம் அணிகலச் செலவில் கழித்துக்கொள்க. கற்கோட்டத்தின் ஏழு வாயிலையும் திறந்து, மழைக்காலம் முழுதும் ஆற்றோரத்துத் தாழ்ந்த குடிசையினரை அங்கே தங்கச் செய்க. யாம் அமர்ந்திருக்கும் இடத்தில் ஏழு முகட்டோடுகள் மட்டும் நாளை எஞ்சியிருக்கும்; அவற்றை நீர் வந்தபின் எம் கையாலேயே பதித்தபடி ஏணிவரை பின்வாங்கி இறங்குவோம். கூரை மூடியதை முதலமைச்சர் தம் கண்ணால் காண வேண்டும் என்று தீர்ப்பு சொல்வதால், இருபத்தெட்டாம் நாளுக்குள் நீர் நேரில் வருக. கீழே நின்று பார்த்தால் தெரியாது. முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு வருக. ஏணி இருபத்திரண்டு படி. அவ்வேழு ஓடுகளையும் எமக்கு எடுத்துத் தரவேண்டியவர் நீரே.

இது நாச்சியார் திருவாய்மொழி. நாரை முத்திரை இட்டோம். அதன் ஓரத்தில் ஒட்டியிருப்பது சுண்ணம், துடைக்க வேண்டா.