நெஞ்சு உயரத்தில் காய்த்த ஏலக்காய்

மதினி,

நேற்று சாயங்காலம் டி.வி.யில் நம்ம தோட்டத்தைக் காட்டினார்கள். ஏதோ திரைப்பட விழாவின் விருது வழங்கும் நிகழ்ச்சி; நம்ம தோட்டத்தில் எடுத்த படத்துக்குத்தான் விருது. சேனல் மாற்றப்போன மருமகளின் கையைப் பிடித்து நிறுத்தினேன். போடிமெட்டுக்கு மேலே, தினமும் ஜீப்பில் போய் நாம் காய் எடுத்த அதே சரிவு. அதில் அந்த நடிகை நிமிர்ந்து நின்று, மல்லிகை பறிப்பதுபோல ஏலக்காய் பறித்தாள். அரங்கமே எழுந்து கைதட்டியது.

"என்னத்தே, நின்னுக்கிட்டா ஏலக்கா எடுப்பாக?" என்றாள் மருமகள். ஏலத்தோட்டத்தைக் கண்ணால் பார்த்தறியாதவள். அவளுக்கு வந்த சந்தேகம்கூட அந்த நடுவர்களுக்கு வரவில்லை. கோட்டுப் போட்ட ஒருவர், உழைப்பின் உண்மையை இவ்வளவு நேர்மையாக யாரும் காட்டியதில்லை என்று உருகினார். வயிற்றெரிச்சலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

பிறகு டைரக்டர் மேடையேறினார். குடிக்கத் தண்ணீர் கேட்டதற்கே நம்மிடம் முகம் சுளித்த அதே ஆள். விருதை மலைத் தாய்மார்களுக்குச் சமர்ப்பிக்கிறாராம். கேமரா எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். ஒரு தாயின் பெயர்கூட அவர் வாயில் வரவில்லை.

படம் எடுத்த அன்று காலையில் அவர் உங்களைத்தான் முதலில் கூப்பிட்டார். செடியின் தூரில் தரையோடு கிடக்கும் காய்ச்சரங்களை அறுத்து, தண்டில் நெஞ்சு உயரத்துக்கு நூலால் கட்டச் சொன்னார். குனிந்து குனிந்தே கூன் விழுந்த முதுகோடு அவரை அண்ணாந்து பார்த்தீர்கள்.

"ஏலக்கா தூர்லதானய்யா காய்க்கும். குனிஞ்சு எடுக்குறதுதான் எங்க சோலியே."

"குனிஞ்சா ஹீரோயின் முகம் தெரியாதும்மா."

"எங்க மொகமும்தான் இத்தன வருசமா யாருக்கும் தெரியல. உள்ளதக் காட்டணும்னா அந்தப் புள்ளயக் குனியச் சொல்லுங்க. இல்லாட்டி வேற ஆளப் பாருங்க."

பார்த்தார்கள். நீங்கள் பேசுவதாக இருந்த ஒரே வசனத்தையும் வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். படத்தில் பேசப்போவதாக நம்ம ஊர் சிலமலை முழுக்கச் சொல்லி வைத்திருந்தீர்கள் நீங்கள்.

நூல் கட்ட வந்த வேற ஆள் நான். நடிகையோடு நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்துத் தருவதாகச் சொன்னார்கள், அவ்வளவுதான், பல்லைக் காட்டிக்கொண்டு போனேன். முடிச்சு வெளியே தெரியாமல் ஒவ்வொரு சரமாகக் கட்டினேன். போட்டோவும் எடுக்கவில்லை.

சாயங்காலம் ஜீப்பில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தீர்கள். மலையிறங்கி, அடிவாரத்தில் முந்தல் வந்தது. அப்புறம், "நல்லாத்தான் கட்டியிருக்க. ஒண்ணுகூட விழல" என்றீர்கள்.

அடுத்த காய்ப்புக்குள் நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

நேற்று மருமகளிடம், "தூர்லதான்த்தா காய்க்கும்" என்றேன். "அப்ப அதெப்படித்தே மேல காய்ச்சுச்சு?" என்றாள். நான்தான் கட்டினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மேடையில் இருந்தவர்களை ஆசை தீரத் திட்டினேன். அவளும் சேர்ந்து திட்டினாள்.

நீங்கள் இருந்திருந்தால் என்னையும் சேர்த்துத் திட்டியிருப்பீர்கள், மதினி. இப்போது அதையும் நானே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.