த்ரூக் என்று சொல்லி நின்றவனுக்கு

இன்று காலை பேக்கிங் டேப்பை இழுத்துக் கிழித்தபோது எழுந்த பசை வாசனையில் என் இடது தோள் வலித்தது. உடைந்து கூடிய தோள். வாசனைக்கு எலும்பு வலிக்குமா என்று நீ சிரிப்பாய். வலிக்கிறது.

வளைகுடாவில், ரோலா சந்தையில் இருக்கும் என் போர்வைக் கடைக்குச் சரக்கு எடுக்க கீவிலிருந்து வந்தவன் நீ. ஊரில் மொழி வாத்தியார். சம்பளம் வராமல் வியாபாரத்துக்கு இறங்கியவன். மூட்டை கட்டும்போதும் வாத்தியார் வேலையை விடமாட்டாய். உன் கொச்சை இந்தியில் பாடம் நடக்கும்.

“த்ரூக்னா எங்க ஊர்ல கூட்டாளி, பாய். பல்கேரியாக்காரன் த்ருகார்னு சொல்வான், தோழன். போலந்துல த்ருகின்னா ரெண்டாவது ஆள். எல்லாம் ஒரே வேர். அந்தக் காலத்துல சண்டைக்குக் கூட வர்றவன்.”

“ரெண்டாவது ஆளா? பார்ட்னர்னு சொல்லு. நஷ்டம்னா முதல்ல ஓடுறவன்.”

“ஓடுனா அந்தப் பேர் போயிடும், பாய்.”

பயணம் கிளம்பும் முன் மூட்டை மேல் ஒரு நிமிடம் பேசாமல் உட்காருவது உங்கள் வழக்கம். “வண்டி நிக்குது, யல்லா, கிளம்பு!” என்று நான் கத்துவேன். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பாய்.

அன்றும் உட்கார்ந்திருந்தோம். பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து நாலு பேர் நுழைந்தார்கள். உன் ஊர்ப் பக்கத்து ஆட்கள். எல்லாச் சரக்கும் தங்கள் கார்கோ கம்பெனி வழியாகத்தான் போக வேண்டும் என்று மிரட்டியவர்கள். முடியாது என்று நான் சொல்லியிருந்தேன். இரும்புக் குழாய் என் தோளில் இறங்கியது. எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுந்த என் முகத்தில் பூட்ஸால் மிதித்தார்கள்.

அவர்களில் பெரியவன் என்னைக் காட்டி உன்னிடம் ஏதோ கேட்டான். பிறகு வாசலைக் காட்டினான். உன்னோடு அவனுக்குச் சண்டை இல்லை. நீ போயிருக்கலாம்.

மூட்டை தூக்கும் கொக்கியை எடுத்தாய். “த்ரூக்” என்றாய்.

அந்த நாலு பேரில் ரஷ்யன் இருந்தான், பல்கேரியன் இருந்தான். யாருக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தரையில் கிடந்த எனக்கும்தான்.

கொக்கி ஒருவனின் தாடையைக் கிழித்தது. அடுத்தவன் கையைக் குத்தி இழுத்தாய். அப்போதுதான் மூன்றாமவனின் கத்தி உன் விலாவில் இறங்கியது. உருவி, மறுபடியும் இறக்கினான். பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடி வருவதற்குள் அவர்கள் போய்விட்டார்கள். நீ கட்டிய மூட்டையில் நீயே சாய்ந்திருந்தாய். போர்வைகள் உன் ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தன.

“உக்காரு, பாய்.”

உட்கார்ந்தேன். அந்த ஒரு நிமிடம் முழுதாக முடியவில்லை.

குத்தியவன் பிடிபட்டான். அதில் என் மனம் ஆறவில்லை. என் கையால் அவன் கழுத்தை நெரித்திருக்க வேண்டும் என்று இன்றும் தோன்றுகிறது. உன்னிடம் எதற்கு மறைக்க?

இப்போதும் வண்டி கிளம்பும் முன் மூட்டை மேல் உட்காருகிறேன். டிரைவர் ஹார்ன் அடிப்பான், அடிக்கட்டும். உனக்குப் பின் எத்தனையோ பார்ட்னர்கள் வந்தார்கள், ஒருவன் நல்லவன்கூட. யாரையும் உன் சொல்லால் கூப்பிடவில்லை. ரெண்டாவது ஆளின் இடம் இங்கே காலியில்லை.