முதலாந்தரத் தேக்கு

மர டிப்போ, நாவுல,
வியாழக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு மகள் புவனா வணக்கத்தோட எழுதுறது. நான் நல்லா இருக்கேன். உங்க முழங்கால் வலி எப்படி இருக்கு? போன்ல பேசினா உங்களுக்குச் சரியா கேக்குதில்ல, அதனாலதான் இந்தக் கடிதம்.

நேத்து எங்க மர டிப்போவுல ஒரு தேக்கங்கட்டையை அளந்தேன். அடிப்பக்கம் கருத்து, வெடிச்சிருந்துச்சு. எங்க பெரிய ஒபிசர் விஜேரத்ன சேர் பாத்துட்டு, "உள்ள பொந்து நங்கி, மூணாந்தரம்னு எழுதுங்க"ன்னாரு. தங்கச்சின்னு சொல்ற மாதிரி, என்னை நங்கின்னுதான் கூப்பிடுவாரு. நான் சுத்தியலால நெடுகத் தட்டிப் பாத்தேன். சத்தம் கணீர்னு வந்துச்சு, பொந்துன்னா அப்படி வராது.

"சேர், கருத்த பக்கத்துல ஒரு அடி நீளம் மட்டும் வெட்டிப் பாப்போம்"னேன்.

"பொந்து இருந்தா உங்க வேலையை நிரந்தரமாக்க நான் கையெழுத்து வைக்க மாட்டேன்"னு சொல்லிச் சிரிச்சாரு. இருந்தாலும் ரம்பக்காரங்களைக் கூப்பிட்டேன்.

வெட்டினாங்க. உள்ள தேன் நிறத்துல, ஒரு கீறல்கூட இல்ல. சேர் தடவிப் பாத்துட்டு, தர முத்திரை அடிக்கிற சுத்தியலை என்கிட்ட நீட்டி, "நீங்களே அடிங்க"ன்னாரு. முதலாந்தரம்னு ஓங்கி அடிச்சேன் அப்பா. சாயங்காலமே கையெழுத்தும் வச்சுட்டாரு.

தோட்டத்துத் தேயிலைத்தூள் கொஞ்சம் அனுப்புங்க. அம்மாகிட்ட கேட்டு அவங்க பழைய சேலை ஒண்ணும் அனுப்புங்க, போர்த்திக்க. இங்க குளிர் கிடையாது, சும்மாதான்.

மர லொறி வந்திருச்சு, போய் அளக்கணும். இதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுங்க. முத்திரை அடிச்ச இடத்தை மட்டும் ரெண்டு தரம் வாசிங்க.

உங்க மகள்,
புவனா